இரண்டாம் முறை கூசவில்லை

ஒரு படம் எப்போது வருகிறது என்பதில்தான் அதன் பாதித் தலையெழுத்து இருக்கிறது என்று விநியோகஸ்தர்கள் சொல்வார்கள். சந்தோஷ் பி. ஜெயக்குமார் எடுத்த பச்சையான நகைச்சுவைப் பேய்ப் படங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தப் பேச்சு நிற்கவில்லை. 'இருட்டு அறையில் முரட்டு குத்து' 2018 மே 4ஆம் தேதி வந்தது. அதற்கு முந்தைய மார்ச், ஏப்ரல் மாதங்களில் டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தால் ஏறக்குறைய ஒன்றரை மாதம் புதுத் தமிழ்ப்படமே கண்ணில் படவில்லை. 'இரண்டாம் குத்து' 2020 நவம்பர் 14, தீபாவளியன்று வந்தது. அதற்கு முன் கிட்டத்தட்ட எட்டு மாதம் கொரோனாவால் பூட்டிக் கிடந்த தியேட்டர்கள் நவம்பர் 10ஆம் தேதிதான் பாதி இருக்கைகளோடு திறந்தன. ஆக இரண்டு படமும் காய்ந்து கிடந்த கூட்டத்துக்கு முன்னால் வந்தவைதான். முதலாவது நன்றாக ஓடியது. இரண்டாவதற்குக் கொடுத்த பாதி இருக்கையும், நான் போன காட்சியில், நிறையவில்லை.

நோய்ப் பயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டே மாதத்தில் அதே பயத்தோடு, அதே பாதி இருக்கைகளில் பொங்கலுக்கு 'மாஸ்டர்' பார்க்க முண்டியடித்ததும் இதே கூட்டம்தான். எனவே கொரோனாவை ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்துப் பார்க்கலாம்.

கூட்டம் என்று நான் சொல்வது யாரை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பனமரத்துப்பட்டியைச் சுற்றி அரளிதான் பிழைப்பு. அரளியை மலர்ந்த பின் பறித்தால் விலை இல்லை. மொட்டாகப் பறிக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு காட்டில் இறங்குவார்கள். விடிவதற்குள் மூட்டை கட்டி, சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு, ஒரு டீயும் வடையும் தின்றால் காலை எட்டுகூட ஆகியிருக்காது. அன்றைய விலை கையில் இருக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்குகிற வயசில்லாத பையன்கள் அப்படியே காலைக் காட்சிக்குப் போய்விடுவார்கள். அவர்களோடு தறி ஓட்டுகிறவன், பட்டறையில் வெள்ளி உருக்குகிறவன், கல்லூரிக்குப் போகாமல் போகிறேன் என்று வீட்டில் சொன்னவன் என்று எல்லோரும் சேர்வார்கள். 1935இல் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கிய ஊரின் ஓரத்தில் பிறந்தவர்கள். படத்துக்குத் தீர்ப்புச் சொல்வதில் இங்கே யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை.

முதல் படத்தை நானும் இந்தக் கூட்டத்தோடுதான் பார்த்தேன். கதை ஒன்றும் புதிதில்லை. தாய்லாந்தில் ஒரு பங்களா, இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஆசை தீராமல் செத்துப்போன ஒரு பேய். தன் ஆசையைத் தீர்த்துவைக்காமல் யாரையும் வெளியே விடமாட்டேன் என்கிறது பேய். 2016இல் வந்த 'கிரேட் கிராண்ட் மஸ்தி' என்ற இந்திப் படத்திலும் கன்னியாகவே செத்துப்போன பேய்க்கு இதே குறைதான். கௌதம் கார்த்திக் நல்ல பையன் முகத்தோடு வந்தார், யாஷிகா ஆனந்த் வந்தார், ராஜேந்திரன் வந்து நின்றாலே கைதட்டல். வசனங்களில் பாதி, பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவரிலிருந்து எடுத்தவை.

ஆனால் எனக்குப் படத்தைவிடப் பார்க்கக் கிடைத்தது அரங்கம்தான். திரையில் ஒரு வசனம் விழும். உடனே சிரிப்பு வராது. ஒரு கணம், அரைக் கணம், சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் ஒவ்வொருவனும் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்ப்பான். 'நீயும் கேட்டியா? இதத்தான் சொன்னானா?' என்கிற பார்வை. பக்கத்தில் இருப்பவன் முகத்தில் அதே திகைப்பைக் கண்டபின்தான் சிரிப்பு கிளம்பும். அதுவும் மெதுவாக இல்லை, கூரை பிய்த்துக்கொள்ளும். எனக்கு முன்வரிசையில் சட்டைக் காலரில் இன்னும் அரளி மொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்த பையன் ஒருவன், சிரிப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். யாரிடமிருந்து மறைத்தான்? அந்த இருட்டில் அவன் அம்மாவும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

பெருமாள்முருகனின் 'நிழல்முற்றம்' நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்துத் தியேட்டர்களில் படம் திரையில் மட்டும் நடப்பதில்லை. மதுபானக் கடைக்குப் பின்னாலும், வாய்க்கால் கரையிலும், இரண்டு பேர் மூன்று பேராகக் குசுகுசுத்துப் பேசிய பேச்சை நானூறு பேருக்கு நடுவில் ஒலிபெருக்கியில் கேட்பது இவர்களுக்கு முதல் அனுபவம். கூச்சம் உடைகிற சத்தத்தைத்தான் சிரிப்பு என்று நாம் கேட்டோம். பார்க்க வேண்டியதை எல்லாம் 2018லேயே கைப்பேசியில் பார்த்து முடித்தவர்கள் இவர்கள். ஜியோ வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆபாசம் வேண்டும் என்றால் டிக்கெட் எடுத்து, வண்டிக்கு டோக்கன் போட்டு, பாப்கார்னுக்கு அநியாய விலை கொடுத்து வந்திருக்க மாட்டார்கள். சேர்ந்து கேட்பதற்காகத்தான் வந்தார்கள்.

இந்த விஷயத்தைத்தான் அந்தப் படத்தை எடுத்தவர்கள் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. விற்றது ஆபாசம் என்று கணக்குப் போட்டார்கள். அப்படியானால் இரண்டாவது படத்தில் அதைக் கூட்ட வேண்டியதுதானே? கூட்டினார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பண விஷயம் ஒன்றும் இதற்குள் இருக்கிறது. 2011இலிருந்து தமிழில் பெயர் வைத்திருந்தாலும் 'யு' சான்றிதழ் வாங்கினால்தான் கேளிக்கை வரி விலக்கு என்று தமிழக அரசு வைத்திருந்தது. 'யு' வாங்குவதற்காகத் தணிக்கைக் குழு முன்னால் இயக்குநர்கள் பட்ட பாடு அந்தக் காலத்துப் பேட்டிகளில் நிறைய. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த விலக்குக்கே வேலை இல்லாமல் போனது. வரிக் கணக்கில் 'யு'வும் 'ஏ'வும் ஒன்றாகிவிட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி சந்தோஷின் முதல் படம் 'ஹரஹர மஹாதேவகி' வெளியானது. 2015இல் ஆதிக் ரவிச்சந்திரனின் 'திரிஷா இல்லனா நயன்தாரா' ஏற்கெனவே இந்தப் பாதையில் நடந்து காட்டியிருந்தது என்பதால் எல்லாவற்றையும் ஜிஎஸ்டி தலையில் கட்டுவது சரியில்லை. ஆனாலும் வழியில் கிடந்த கல் ஒன்றை அது எடுத்துப் போட்டது. இன்னொரு பக்கம், 'ஏ' படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. குடும்பம் வராது. போட்ட பணம் முழுவதும் முதல் மூன்று நாளில் இந்தப் பையன்களின் சட்டைப் பையிலிருந்துதான் வர வேண்டும். அவர்களை அதிரவைத்தே தீர வேண்டும் என்ற அவசரம் அங்கிருந்து வருகிறது.

நடுவில் சந்தோஷ் ஆர்யாவை வைத்து 'கஜினிகாந்த்' என்று ஒரு படம் எடுத்தார். குடும்பத்தோடு பார்க்கிற நகைச்சுவை. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. மறுபடியும் பேய் பங்களாவுக்கே திரும்பினார்.

'இரண்டாம் குத்து'வில் இயக்குநரே கதாநாயகன். கூட டேனியல் ஆனி போப். 2013இல் 'இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா'வில் ஒன்றுமே இல்லாத ஒரு வசனத்தைத் தன் நேரக்கணக்கால் மட்டும் ஊர் முழுக்கச் சொல்லவைத்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கு இங்கே இடைவெளி கொடுக்க ஆளில்லை. ஒரு வசனம் விழுந்து சிரிப்பதற்குள் அதைவிடப் பச்சையாக அடுத்தது விழுகிறது. அது முடிவதற்குள் சைகை. திகைப்பதற்கு நேரம் தராத படத்தில் சிரிப்பு எங்கிருந்து வரும்? இந்த முறை யாரும் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஆளும் இல்லை; ஒன்று விட்டு ஒன்றுதான் உட்காரவைத்தார்கள். கைப்பேசி வெளிச்சம் அங்கங்கே எரிந்தது. இடைவேளையில் என்னோடு வந்த பையனிடம் கேட்டேன்.

"என்னடா, சிரிப்பே காணோம்?"

"மொதப் படத்துல என்ன வரும்னு தெரியாதுங்ண்ணா. இதுல அதான வரும்."

இந்தத் தோல்விக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

இன்னொன்று, படம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே அதன் அதிர்ச்சி முழுக்கச் செலவாகிவிட்டது. அக்டோபரில் போஸ்டரும் டீசரும் வந்ததும் பாரதிராஜா கடுமையாகக் கண்டித்து அறிக்கை விட்டார். பதிலுக்குச் சந்தோஷ், 1981இல் பாரதிராஜா எடுத்த 'டிக் டிக் டிக்' பட விளம்பரத்தை இழுத்துவந்து கேள்வி கேட்டார். பிறகு அப்படிச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார். விவகாரம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை போனது. படத்துக்கு நல்ல விளம்பரம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நடந்தது வேறு. பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து திட்டித் தீர்த்த பிறகு, தியேட்டருக்குள் உடைவதற்குக் கூச்சம் என்று ஒன்று மிச்சம் இல்லை. திருட்டு மாங்காய் எல்லோர் முன்னாலும் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டது.

பாரதிராஜாவின் கோபம் எனக்குப் புரிகிறது, முழுக்க உடன்பாடில்லை. கொச்சை என்பதற்காக ஒரு படத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நம் ஊரின் பாதி வாய்மொழியை ஏற்ற வேண்டும். பெருமாள்முருகன் 'கெட்ட வார்த்தை பேசுவோம்' என்று ஒரு புத்தகமே எழுதினார். நம் ஆட்கள் எந்த இடத்தில், எந்த உறவுக்காரரிடம், எவ்வளவு தூரம் போகலாம் என்று நுணுக்கமாக வகுத்து வைத்திருக்கிறார்கள். மாமனும் மச்சானும் பேசிக்கொள்வதை அண்ணன் தம்பி பேசிக்கொள்ள மாட்டார்கள். களை எடுக்கிற காட்டில் நாலு பெண்கள் சேர்ந்தால் அங்கே பேசுவதைக் கேட்டு வரப்பில் போகிற ஆண்பிள்ளை நடையைக் கூட்டுவான்.

சினிமாவிலும் இந்த நுணுக்கம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1983இல் பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' வந்தது. அதற்குப் பிறகு சந்தையில் முருங்கைக்காய் வாங்குகிற புது மாப்பிள்ளை கிண்டலுக்குத் தப்பியதில்லை. நாற்பது வருஷம் தாண்டியும் அந்த ஜோக் உயிரோடு இருக்கிறது. குடும்பத்தோடு போனார்கள், அப்பா ஒரு மாதிரி சிரித்தார், பாட்டி ஒரு மாதிரி சிரித்தார், பிள்ளைகள் சமையல் சமாசாரம் என்று நினைத்துச் சிரித்தன. சொல்லாமல் விட்ட பாதியைப் பார்க்கிறவன் தன் பங்குக்குப் போட்டு நிரப்பிக்கொண்டான்.

பழகிப்போன அதிர்ச்சியை இரண்டாம் முறை எப்படி விற்பது என்ற சிக்கல் நமக்கு மட்டும் உள்ளதில்லை. 'இரண்டாம் குத்து'வுக்கு மூன்று வாரம் முன்பு, 2020 அக்டோபர் 23இல், சாஷா பேரன் கோஹனின் இரண்டாவது 'போராட்' அமேசான் பிரைமில் வந்தது. 2006இல் வந்த முதல் 'போராட்', ஒன்றும் அறியாத அமெரிக்கர்கள் முன்னால் ஒரு விவஸ்தைகெட்ட ஆளைக் கொண்டுபோய் நிறுத்தி, அவர்கள் வாயாலேயே அவர்கள் மனசைக் கக்கவைத்த படம். பதினாலு வருஷம் கழித்து எல்லோருக்கும் அந்த ஆளைத் தெரிந்துவிட்டது. தெருவில் இறங்கினால் கைகுலுக்க வருகிறார்கள். அதையே கதைக்குள் கொண்டுவந்தார்கள்: போராட் மாறுவேஷம் போட வேண்டியிருக்கிறது, வேலையைச் செய்ய ஒரு மகள் வருகிறாள். மகளாக நடித்த மரியா பகலோவாவுக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைத்தது. அந்தப் படமும் முதலாவதற்கு ஈடில்லை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் தன் அதிர்ச்சி தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு எடுத்த படம் அது. நம்முடையதற்கு அது தெரியவே இல்லை.

இங்கே எனக்குக் கூத்து நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. சேலம், நாமக்கல் பக்கம் மாரியம்மன் நோம்பிக்குக் கூத்து விடுகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஏர்வாடியிலிருந்து 'மணல்வீடு' இதழை நடத்தும் மு.ஹரிகிருஷ்ணன் போன்றவர்கள் இந்தக் கலைஞர்களுக்காகப் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கூத்தில் கோமாளி பேசுகிற பேச்சைத் தணிக்கைக்கு அனுப்பினால் 'ஏ' சான்றிதழ்கூடக் கிடைக்காது. அதிர்ச்சி என்று பார்த்தால் அங்கே ஒன்றும் புதிதில்லை. போன வருஷம் சொன்னதைத்தான் இந்த வருஷமும் சொல்கிறான், அவன் அப்பன் சொன்னதும் அதேதான். சனம் மறுபடியும் விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஏன்?

ஒரு 'துகில்' கூத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். துரியோதனன் கொலுவுக்கு வருகிறான். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம், முகத்தில் சிவப்பு. முகவீணை அலற, மேடை அதிர, தொடையைத் தட்டித் தட்டி வீராப்புப் பேசுகிறான். கோமாளி கைகட்டிக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பயபக்தியோடு கேட்கிறான்: "ராசா, வெளிய வந்தா இந்தத் தட்டுத் தட்டறீங்களே, ராத்திரி ராணி தட்டி எழுப்புனா மட்டும் ஏனுங்க கொறட்ட விடறீங்க?" இது அச்சில் போடக்கூடியது; அடுத்து வந்தவற்றைப் போட முடியாது. முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்த சம்பந்தி முதுகில் ஓங்கி அறைந்து சிரித்தார். ஊர்க்கவுண்டர் நாற்காலியில் இருந்தார். ராஜாவைச் சொல்கிற சாக்கில் கோமாளியின் கண் ஒரு தரம் அந்த நாற்காலிப் பக்கமும் போய்வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவரும் சிரித்தாக வேண்டியிருந்தது.

விடிகாலை மூன்று மணிக்கு மேல் அதே துரியோதனன் அதே தொடையைத் தட்டி, பாஞ்சாலியை அதில் வந்து உட்காரச் சொல்கிறான். ராத்திரி முழுக்கச் சிரிக்கவைத்த தொடை அது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. துச்சாதனன் சேலையில் கைவைத்ததும் பெண்கள் எழுந்துவிட்டார்கள். வேஷம் கட்டியிருப்பது ஆண்பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கற்பூரம் ஏற்றிக் காட்டுகிறார்கள், கும்பிடுகிறார்கள். சம்பந்தியை அறைந்து சிரித்த ஆயாதான் முதலில் அழுதவர். கோமாளி மேடையின் ஓரத்தில் பேசாமல் நின்றான்.

கோமாளியின் கொச்சைக்கு ஆயுள் அதிகம் என்பதற்கு நான் கண்ட காரணம் இதுதான். அவன் கேலி மேலே பார்த்துப் போகிறது. ராஜா, ராஜா மாதிரி நாற்காலியில் இருப்பவர், வட்டிக்கு விடுகிறவர். உடம்பைப் பற்றிப் பேசுகிறான், அந்த உடம்புக்கு நேரக்கூடிய அவமானத்தையும் அதே ராத்திரியில் காட்டிவிடுகிறது கூத்து. அதைக் கேட்க ஆயாவும் உட்கார்ந்திருக்கிறார், பேத்தியும் மடியில் தூங்குகிறது.

'இருட்டு அறை'யிலும் 'இரண்டாம் குத்து'விலும் கேலி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால், பெண்ணின் உடம்பு, ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள், அவ்வளவுதான். அரங்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிற பையனைவிட பலம் குறைந்தவர்கள். முதல் படத்தில் ஒரு சின்ன விஷயம் மட்டும் தற்செயலாக நடந்திருந்தது: ஆசைப்படுகிறவள் பேய், பயந்து ஓடுகிறவர்கள் ஆண்கள். பெண் வாய்விட்டுக் கேட்டால் வீரம் பேசுகிற பையன்கள் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறார்கள் என்பதில் நிஜமான ஒரு ஹாஸ்யம் உண்டு. கோமாளி ராணியை வைத்துச் செய்ததும் கிட்டத்தட்ட அதைத்தான். படத்தை எடுத்தவர்களுக்கே தங்கள் கையில் என்ன இருந்தது என்று தெரிந்திருந்தால் இரண்டாவதை அங்கிருந்து வளர்த்திருப்பார்கள். சைகையை வளர்த்தார்கள்.

அந்தத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு 'சூரரைப் போற்று' அமேசான் பிரைமிலும், தீபாவளியன்றே 'மூக்குத்தி அம்மன்' ஹாட்ஸ்டாரிலும் வந்தன. வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தியேட்டருக்கு வந்தது பையன்கள் மட்டும்தான். அவர்களுக்கும் போதவில்லை. இந்த வகைப் படத்தைத் தணிக்கையோ அறிக்கையோ நீதிமன்றமோ நிறுத்தியதாக நான் நினைக்கவில்லை. டிக்கெட் எடுத்தவன் கொட்டாவி விட்டான், முடிந்தது. சந்தோஷ் அடுத்து எடுத்த 'பொய்க்கால் குதிரை' 2022இல் வந்தது. பிரபுதேவா ஒற்றைக் காலோடு மகளுக்காக ஓடுகிற தகப்பன்.

பச்சையான நகைச்சுவை எழுத ஆசைப்படுகிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எழுதுவதை நிறுத்த வேண்டாம். இந்தப் பக்கம் எந்த ஊரிலாவது நோம்பிக்குக் கூத்து என்று தட்டி கட்டியிருந்தால் வண்டியை நிறுத்துங்கள். கோமாளி வருகிறவரை மட்டும் இருந்துவிட்டுக் கிளம்பாதீர்கள், துகில் முடியும்வரை உட்காருங்கள். டிக்கெட் கிடையாது. பனிக்கு ஒரு துண்டு எடுத்துப் போனால் போதும்.